வேகத்தடையில் கேட்ட 'கடக்': பழைய ஆம்னிக்கு பால் ஜாயின்ட் மாற்றிய அனுபவம்

பாலக்கோடு, ஆம்னி:

என்னிடம் இருப்பது 2008 ஆம்னி கார்கோ. தோட்டத்துத் தக்காளியை விடியற்காலையில் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவதற்கென்றே பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினேன். போன கார்த்திகை மழைக்குப் பிறகு, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது இடது பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆம்னியில் டிரைவர் சீட் முன்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது. அதனால் காதுக்கு முன்னால் பாதத்துக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஹைவேயில் ஏறி வேகம் எடுத்துவிட்டால் சத்தமே இருக்காது, நானும் மறந்துவிடுவேன்.

முதலில் காட்டிய பட்டறையில் ஷாக் போய்விட்டது என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றினோம். பத்து நாள் நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடியும் அதே 'கடக்'. வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே சொன்னார்கள், நானும் தூக்கிப் பாருங்கள் என்று கேட்கவில்லை.

மாசி மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காரிமங்கலம் போனபோது, அங்கே ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டியை ஓட்டியே பார்க்கவில்லை. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார், பாடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தொங்கவிட்டார், அடியில் ஸ்டாண்டு வைத்தார். டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டினார். ஆட்டம் இருந்தது. என் பையனைக் கூப்பிட்டு, "பிரேக்கை நல்லா மிதிச்சுப் புடி கண்ணு" என்றார். மிதித்த பிறகும் அதே ஆட்டம். "பேரிங்கா இருந்தா பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னிருக்கும்ங்க. இது பால் ஜாயின்ட்." கிண்ணத்துக்குள் ஒரு பந்து உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டுதான் அது.

சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவில் ஒரு லிவரைக் கொடுத்து நெம்பினார். குனிந்து பார்த்தேன். நெம்பும்போதெல்லாம் ஆர்ம் ஒரு தீக்குச்சி கனத்துக்கு இறங்கி ஏறியது. மூடியிருந்த ரப்பர் பூட் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் நம் ஊர்ச் செம்மண்ணும் துருவும் கலந்து, ஈரக் காப்பித்தூள் மாதிரி ஏதோ இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போய், மண்ணைச் சேர்த்துக்கொண்டு, பந்தையும் அது உட்காரும் கிண்ணத்தையும் மாதக்கணக்கில் அரைத்திருக்கிறது. தோள் மூட்டு தேய்ந்தால் கை என்ன ஆகுமோ, சக்கரத்துக்கு அதுதான் ஆகியிருந்தது.

பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாகப் படுத்துக்கொள்ளும், ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பயனில்லை என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் குடும்பத்தோடு சேலம் போக, தொப்பூர் கணவாயில் இறங்கியிருந்தேன். லாரிகளுக்கு நடுவே அந்த இறக்கத்தில் வந்ததை நினைத்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது.

பந்தை மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் லோயர் ஆர்மையே புஷ்ஷோடு (ஆர்ம் வண்டியில் மாட்டும் இடத்து ரப்பர்) புதிதாகப் போட்டோம். பழைய போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டியதும் விட்டுக்கொடுத்தது. புது ஆர்மின் புஷ் போல்ட்டுகளை அவர் முதலில் கையிறுக்கமாகத்தான் விட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தரம் அமுக்கி ஆட்டிய பிறகே முழுதாக முறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். பல இடங்களில் இந்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

கழற்றிய பழைய ஜாயின்டைக் கையில் எடுத்துக் குலுக்கினேன். சோழி மாதிரி சத்தம் வந்தது. புதியதை விரலால் அசைக்கவே முடியவில்லை.

அஞ்செட்டி, பொலேரோ:

அண்ணா, உங்கள் ஆம்னியில் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்ந்து நிற்கிறது. அதனால் பாடியில் ஜாக்கி கொடுத்துப் பார்த்தது சரி. எங்கள் பொலேரோவில் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், இரண்டுக்கும் தனித்தனி பால் ஜாயின்ட். ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸில், அதாவது வண்டிச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயின்டை இறுக்கிவிடும், தேய்ந்திருந்தாலும் ஆட்டம் வெளியே தெரியாது. நான் அப்படித்தான் ஒரு வருஷம் ஏமாந்தேன். கீழ் ஆர்முக்கே, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால்தான் உண்மை தெரியும்.

கழற்றும்போதும் அந்த ஜாக்கி அங்கேயே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டு ஜாயின்டைப் பிரித்தால் ஸ்பிரிங் எகிறும், ஆள் உயிருக்கே ஆபத்து. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நட்டு கழலாமல் துளையில் மாட்டும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகவே போடுங்கள். துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்தக் கூடாது.

காவேரிப்பட்டணம், ஆம்னி:

நான் ஜாயின்டை மாற்றிவிட்டு, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் வேலையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புது டயரின் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது. ஒரு சந்தேகம்: இப்போது வலது பக்க பூட்டிலும் சின்னக் கிழிசல் தெரிகிறது. ஊசியால் கிரீஸ் ஏற்றிச் சமாளிக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பாலக்கோடு, ஆம்னி:

இதையே நானும் காரிமங்கலத்துப் பெரியவரிடம் கேட்டேன். கிரீஸ் ஏற்றினால் சத்தம் அடங்கும், ஆட்டம் அடங்காது என்றார். சத்தம் இருந்ததால்தான் நான் வண்டியைக் காட்டவே போனேன், அதையும் அடக்கிவிட்டு ஓட்டாதீர்கள் தம்பி. முதலில் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆட்டமே இல்லை, மண்ணும் உள்ளே போகவில்லை என்றால் பூட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று பட்டறையில் கேளுங்கள். அதுவரை ஒகேனக்கல் இறக்கம் பக்கமெல்லாம் போக வேண்டாம். பார்த்துவிட்டு என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.