'ஹால்' கணினியை அணைக்கும் காட்சி: அலசல் எழுதப் போனால் கதைச் சுருக்கமாகவே வருகிறது, என்ன செய்யலாம்?

நிழல்வரி கேட்டது:

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் மூன்று காட்சிகளை மட்டும் எடுத்து ஒரு அலசல் கட்டுரை எழுத வேண்டும். எடுத்திருப்பவை: ஆதி மனிதர் எறிந்த எலும்பு வானில் பறந்து செயற்கைக்கோளாக மாறும் வெட்டு (கட்), 'பாட்' எனும் உருண்டைக் கலத்துக்குள் விண்வெளி வீரர்கள் டேவும் ஃபிராங்கும் பேசுவதை, விண்கலத்தை இயக்கும் கணினியான ஹால் உதட்டசைவில் படித்துவிடுவது, சக பயணிகளைக் கொன்ற ஹாலை டேவ் அணைப்பது.

வரைவில் பாதி, "அப்புறம் இவர் வருகிறார், அப்புறம் அது நடக்கிறது". மீதி, "எலும்பு என்றால் ஆயுதம், சிவப்பு என்றால் ஆபத்து" ரகம். காட்சிக்கு 400 சொல்தான் இடம். எதை முதலில் கவனிப்பது, எதை ஆதாரமாக வைப்பது, இந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்?

சட்டகம்24:

நினைவிலிருந்து எழுதினா கதைதான் வரும். படம் முடிஞ்சதும் மனசுல தங்குறது அது மட்டும்தானே. அதனால முதல்ல நோட்டு, அப்புறம் எழுத்து.

ஒவ்வொரு காட்சியையும் மூணு தடவை பாருங்க. முதல் தடவை சத்தத்தை முழுசா அணைச்சுட்டு. அடுத்தது திரையை மூடிட்டு சத்தம் மட்டும். மூணாவது, ஷாட் ஷாட்டா நிறுத்தி. தாள்ல நெடுக்கா கோடு போட்டு அஞ்சு பத்தி பிரிச்சுக்குங்க: ஷாட் எண், ஆரம்பிக்கிற நொடி, ஷாட் அளவு (குளோஸ்-அப், மிட், வைட்), கேமரா அசைவு, காதுல விழுறது. 'அர்த்தம்'னு ஆறாவது பத்தி போடாதீங்க. போட்டா மத்த அஞ்சையும் அதுக்கு ஏத்த மாதிரி கை தானா எழுதிடும்.

நொடிக் கணக்குல ஒரு வில்லங்கம் இருக்கு. சில பிரதிகள்ல தொடக்க இசையும் இடைவேளையும் இருக்கும், சிலதுல வெட்டியிருப்பாங்க. அதனால படத்தோட மொத்த நேரத்தை வச்சு "இத்தனையாவது நிமிடத்தில்"னு எழுதினா படிக்கிறவங்க பிரதியில வேற எதாவது ஓடிட்டிருக்கும். காட்சியோட முதல் ஷாட்டை பூஜ்யமா வச்சு எண்ணுங்க. பழைய பால் (PAL) தொலைக்காட்சி முறை டிவிடின்னா இன்னொரு தொல்லை: நொடிக்கு 24 சட்டகம் (பிரேம்) ஓட வேண்டியது 25 ஓடும், 100 நொடிக் காட்சி 96 நொடியில முடிஞ்சிடும். ரெண்டு பிரதியிலிருந்து எடுத்த எண்களைக் கலக்கவே கலக்காதீங்க. இணையத்துல துண்டு துண்டா கிடைக்கிற கிளிப்பும் வேண்டாம். 70 எம்எம்ல எடுத்த படம், விகிதம் 2.20:1. கிளிப்ல ரெண்டு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தா சட்டக அமைப்பைப் பத்தி நீங்க எழுதுறது எல்லாமே தப்பாப் போகும்.

நொடிகளை ஷாட் எண்ணிக்கையால வகுத்தா சராசரி ஷாட் நீளம் வரும். அதை அப்படியே கட்டுரையில போட்டுப் பிரயோஜனமில்லை. நீளம் சட்டுனு எங்க மாறுதுன்னு பாருங்க. கலத்துக்குள்ள பேசுற காட்சியில ரெண்டு பேரும் பக்கவாட்டுல, எதிரும் புதிருமா உட்கார்ந்திருப்பாங்க. நடுவுல கண்ணாடி, அதுக்கு வெளிய தூரத்துல ஹாலோட கண், அதாவது சிவப்பா ஒளிரும் கேமரா லென்ஸ். கேமரா அசையாம நிக்கும், ஷாட்டை நீளமா விட்டிருக்காங்க. அவங்க பேசுறது ரகசியம். ஆனா ஹாலோட கண் நம்ம பார்வைக்கு நேரா சட்டகத்தோட நட்ட நடுவுல இருக்கு. 400 சொல்லுல 150 இதுக்கே செலவு பண்ணலாம்.

செவிச்செல்வம்:

மேலே சொன்னதற்கு ஒலியிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இந்தப் படத்தில் முதல் வசனம் வரவே ஏறக்குறைய 25 நிமிடம் ஆகிறது. கடைசி 20 நிமிடத்துக்கு மேல் பேச்சே இல்லை. ஆகவே யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்பதே பெரிய தடயம்.

உதட்டசைவுக் காட்சியின் முடிவில் ஹாலின் பார்வைக்கு வெட்டுகிறார்கள். அதற்கு முன் ஹாலின் பார்வை வரும் இடங்களில் மீன்கண் லென்ஸ். அறையே வளைந்து தெரியும். இங்கே அந்த வளைவு இல்லை. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு நெருக்கமாக நகர்கிறது, பேச்சொலி அறவே இல்லை. உடனே இடைவேளை. "ஹால் படித்துவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. பேச்சை நம்மிடமிருந்து பறித்து, வாயை மட்டும் காட்டியதிலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. இடைவேளை வெட்டப்பட்ட பிரதியில் பார்த்தால் இந்த இடத்தின் பாதி பலம் போய்விடும்.

அணைக்கும் காட்சிக்கு வருவோம். காதில் விழுவதை எழுதும் பத்தியில் இரண்டு பெயர் போட்டு எண்ணிப் பாருங்கள். ஹால் சமாதானம் சொல்கிறது, வாக்குக் கொடுக்கிறது, பயமாக இருக்கிறது என்கிறது, தன் மனம் போய்க்கொண்டிருப்பதை உணர்கிறேன் என்கிறது. டேவிடமிருந்து மூச்சு மட்டும். ஹால் பாடலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அவர் வாய் திறக்கிறார்: கேட்க விரும்புகிறேன், பாடு என்று. படத்தில் அவர் பேசும் கடைசி வசனமும் அதுவே.

இன்னொன்று. "பயமாக இருக்கிறது" என்று சொல்லும்போது ஹாலுக்குக் குரல் கொடுத்த டக்ளஸ் ரெய்னின் குரல் நடுங்குவதில்லை. அதே சமமான, மென்மையான தொனி. ஹால் பாடும் 'டெய்சி பெல்' பாடலின்போதுதான் சுருதி படிப்படியாக இறங்கி, வேகம் தளர்ந்து, சொல் இழுபடுகிறது. பயத்தைச் சொல்லில் வைத்து, சாவைச் சுருதியில் வைத்திருக்கிறார்கள். "ஹால் உருக்கமாகக் கெஞ்சுகிறது" என்று பலர் எழுதுவது பொதுவாகக் காதால் கேட்காமல் எழுதியது. (அந்தப் பாட்டும் சும்மா பொறுக்கியதல்ல. 1961-இல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஐபிஎம் கணினியைப் பாட வைத்தது இதே பாட்டைத்தான்.)

சிவப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால் டேவின் உடையைப் பாருங்கள். உடை சிவப்பு, தலைக்கவசம் பச்சை. தன் கவசத்தை எடுக்காமல் வெளியே போய், ஆபத்துவழிக் கதவால் திரும்பியவர் அவர், அதனால்தான் வேறு நிறக் கவசம். அறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். கொலைகாரன் கண்ணும் சிவப்பு, அதை அணைக்க வந்தவன் உடையும் சிவப்பு. "சிவப்பு = ஆபத்து" இங்கே உடைந்துபோகிறது. யாருக்கு ஆபத்து என்று கேட்டால் பத்தி தானாக நகரும்.

பழைய புரொஜெக்டர்:

எலும்பு வெட்டுக்கு வர்றேன். சறுக்குறவங்க அதிகம் இங்கதான்.

ஒண்ணு, "எலும்பு விண்வெளி நிலையமா மாறுது"ன்னு எழுதுறது. இல்லை. முதல்ல வர்றது சின்ன செயற்கைக்கோள். சக்கர வடிவ நிலையம் பின்னாடிதான் வருது. அந்தச் செயற்கைக்கோள் அணு ஆயுதம் தாங்கினதுங்கிறது படம் உருவானப்ப இருந்த திட்டம். திரையில யாரும் அதைச் சொல்றதில்லை. "படம் காட்டுகிறது"ன்னு எழுதாம "திட்டமிட்டிருந்தார்கள்"னு எழுதுங்க.

ரெண்டு, "கச்சிதமான பொருத்தம்". சட்டகம் சட்டகமா நகர்த்துங்க. எலும்பு சுத்திக்கிட்டே மேல போகுது, வேகம் குறைஞ்சு கீழ இறங்க ஆரம்பிக்குது, அப்பதான் வெட்டு. செயற்கைக்கோள் சுத்தாம மெதுவா மிதக்குது. வடிவம் ஒத்துப்போகுது, அசைவு ஒத்துப்போகலை. எறியப்பட்டது விழுற நேரத்துல வெட்டி, விழவே விழாத ஒண்ணைக் காட்டுறாங்க. இதை எழுதினவங்க குறைவு.

மூணு, விபத்தைக் குறியீடுன்னு நினைக்கிறது. ஆதி மனிதர் பகுதியில சிறுத்தையோட கண்ணு பளிச்சுனு ஒளிரும். அதுக்குப் பக்கம் பக்கமா தத்துவம் எழுதலாம், ஆனா காரணம் முன்புற ஒளிவீச்சு முறை. பாலைவனப் படத்தை கேமராவுக்கு முன்னால 45 டிகிரி சாய்ச்ச, பாதி ஒளியை மட்டும் திருப்புற அரைக்கண்ணாடி வழியா, கேமரா பார்க்கிற அதே கோட்டுல எறிவாங்க. பின்னால இருக்கிற திரை வந்த ஒளியை வந்த வழியே திருப்பும். சிறுத்தையோட கண்ணும் அதையேதான் செய்யுது. அழகான விபத்து, பிடிச்சதால விட்டுட்டாங்க. "எப்படி ஆச்சு"ன்னு ஒரு வரி எழுதிட்டு "பார்க்கிறப்ப என்ன செய்யுது"ன்னு தனியா எழுதினா தப்பில்லை.

ஹால்ங்கிற பேரை (HAL) ஒவ்வொரு எழுத்தா தள்ளினா ஐபிஎம் (IBM) வருதுங்கிறதைக் கட்டுரையில சேர்க்காதீங்க. படத்தோட கதையை இணைஞ்சு எழுதின ஆர்தர் சி. கிளார்க் அதைத் தற்செயல்னு மறுத்துட்டார், அதை வச்சு எந்தக் காட்சியும் திறக்கவும் திறக்காது.

நிழல்வரி:

நன்றி, மூன்று பேருக்கும். அறிவியல் சரியா தவறா என்பதை ஒரு பத்தியாகச் சேர்க்கலாமா?

சட்டகம்24:

தனிப் பத்தியா வேண்டாம், பிழைப் பட்டியலா மாறிடும். காட்சிக்கு உதவினா மட்டும் உள்ள நுழைங்க.

உதாரணத்துக்கு, டேவ் தலைக்கவசமில்லாம வெற்றிடத்துல பாயுற இடம். காத்து உள்ள வர்ற வரைக்கும் ஒலியே இல்லை, அது சரி. பாயுறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிறார், அது தப்பு: வெளிய அழுத்தம் போனதும் உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும், மூச்சை விட்டுடணும். சுமார் 10 முதல் 15 நொடி சுயநினைவு இருக்கும். அந்த மௌனத்தை நொடி நொடியா எண்ணுங்க. அது அவரோட உயிருக்கான கெடு. இப்ப அறிவியல் காட்சிக்குள்ளயே வந்துடுச்சு பாருங்க.

கப்பல்ல செயற்கை ஈர்ப்பு தர்ற சுழலும் அறையைப் பத்தியும் இப்படிக் கணக்குப் போடலாம். ஆனா நீங்க எடுத்த மூணு காட்சியில இந்த அறை இல்லை, அதனால விடுங்க.

செவிச்செல்வம்:

ஒரு திருத்தம் மட்டும். மூன்று காட்சிக்கும் சமமாக 400 சொல் ஒதுக்க வேண்டாம். எலும்பு வெட்டு இரண்டு ஷாட் சந்திக்கும் ஒரு புள்ளி, 250 போதும். மிச்சத்தை அணைக்கும் காட்சிக்குக் கொடுங்கள். அங்கே மூச்சு, குரல், சுருதி, டேவ் ஒவ்வொன்றாக வெளியே இழுக்கும், ஹாலின் நினைவகமான ஒளிரும் கட்டைகள் என்று நான்கு சரடு ஒரே நேரத்தில் ஓடுகிறது. பாட்டு நின்றதும் அதுவரை கப்பலில் ஹாலுக்கு மட்டும் தெரிந்திருந்த பயண நோக்கம் பதிவுச் செய்தியாக வருகிறதே, அதையும் விட்டுவிடாதீர்கள். பலர் பாட்டோடு கட்டுரையை முடித்துவிடுகிறார்கள்.