ஐபிஎஸ் செல் வளர்க்க கத்துக்கணும், எங்கேந்து ஆரம்பிக்கிறது?

மதுரைப்பையன்:
எம்எஸ்சி பயோடெக் முடிச்சிட்டு ஒரு லேப்ல ஜேஆர்எஃப்பா (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) சேர்ந்திருக்கேன். ஹீலா, ஹெக் மாதிரி லேப்ல சுலபமா வளர்ற செல்லெல்லாம் நல்லாவே வளர்ப்பேன், அடுத்த மாசம் மனுஷ ஐபிஎஸ் செல் (சாதா உடம்பு செல்ல எந்த வகை செல்லாவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல்லா மாத்தினது) லைன் ஒண்ணு என் பொறுப்புல வருது, ஆனா சொல்லிக்கொடுக்க சீனியர் யாரும் இப்ப இல்ல. காசு கட்டி ஒர்க்‌ஷாப் போனா போதுமா, இல்ல லேப்லயே பழகிக்கலாமா?

கல்ச்சர் அக்கா:
போங்க தம்பி, நல்லதுதான், ஆனா ஒர்க்‌ஷாப்ல காட்டுறது ரெடியா வளர்த்து வச்ச அழகான தட்டு, உங்களுக்குத் தெரிய வேண்டியது கெட ஆரம்பிக்கிற காலனி எப்படி இருக்கும்னு, அது தினமும் மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் கண்ணுக்குப் பிடிபடும். நல்ல காலனி தட்டையா, நெருக்கமா, ஓரம் கூர்மையா இருக்கும், ஓரத்துல செல் பரந்து நீண்டு போச்சுன்னா டிஃபரன்ஷியேட் ஆகுதுன்னு (வேற வகை செல்லா மாறுதுன்னு) அர்த்தம், அந்த இடத்த டிப்பால சுரண்டி எடுத்துட்டு அப்புறம் பாசேஜ் பண்ணுங்க (பிரிச்சு புதுத் தட்டுக்கு மாத்துங்க).

ஹெக் செல்லுக்கு பண்ற மாதிரி ட்ரிப்சின் என்சைம் போட்டு தனித்தனி செல்லா உடைச்சிடாதீங்க, நெறைய செத்துப்போகும். செல்லோட பிடிப்ப தளர்த்துற இடிடிஏ 0.5 மில்லிமோலார்ல சில நிமிஷம் விட்டு, காலனில இடைவெளி தெரிஞ்சதும் செல் ஒட்டியிருக்கும்போதே அத உறிஞ்சி எடுத்துட்டு மீடியா விட்டு சின்னச் சின்ன கொத்தா கழட்டுங்க, பைப்பெட்ல ஓவரா அடிக்கக் கூடாது. ஃப்ரோசன் வயல் (உறைய வச்ச செல் குப்பி) எடுக்கும்போது செல் சாகாம காப்பாத்துற ராக் இன்ஹிபிட்டர் (ஒய்-27632) 10 மைக்ரோமோலார் போடுங்க, மறுநாளே எடுத்துடுங்க. செல் ஒட்டறதுக்காக தட்டுல பூசற மேட்ரிஜெல்ல ஐஸ்லயே வச்சு குளிர்ந்த டிப்பால எடுக்கணும், சூடு பட்டா கட்டியாயிடும்.

பயோரசிகன்:
அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா எனக்கு இதவிட முக்கியமா படறது செல் கைக்கு வந்ததும் எக்ஸ்பெரிமென்ட்ல இறங்காம முதல்ல பெருக்கி நெறைய வயல் ஃப்ரீஸ் பண்ணி வைக்கிறது. ஜப்பான் விஞ்ஞானி யமனாகா ஐபிஎஸ் செல்ல 2006ல எலி செல்லுலயும் 2007ல மனுஷ செல்லுலயும் செஞ்சு காட்டினப்புறம் உலகம் பூரா இத வளர்க்கறாங்க, எல்லா லேப்லயும் ஒரே தலைவலி, பாசேஜ் ஏற ஏற குரோமோசோம் மாறும், குறிப்பா 20வது குரோமோசோம்ல ஒரு துண்டு கூடிடும், அந்த செல் வேகமா வளரும், நாம நல்லா வளருதேன்னு சந்தோஷப்படுவோம். அதனால இடையிடையே காரியோடைப் (குரோமோசோம் டெஸ்ட்) பாருங்க, பழைய வயலுக்குத் திரும்பிப் போக ஸ்டாக் இருக்கணும். வேலூர் சிஎம்சில இருக்கற ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்துல ஐபிஎஸ் வேலை நடக்குது, உங்க பிஐ (லேப் தலைவர்) மூலமா மெயில் போட்டு சில நாள் கூட இருந்து பாக்கலாமான்னு கேளுங்க, அது ஒர்க்‌ஷாப்ப விட உதவும்.

மதுரைப்பையன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. மீடியால பென்ஸ்ட்ரெப் (பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஆன்டிபயாட்டிக்) போடலாமா?

கல்ச்சர் அக்கா:
வேணாம் தம்பி. கல்ச்சர்ல தொத்திக்கற மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியாவுக்கு செல் சுவரே கிடையாது, பென்சிலின் அத ஒண்ணும் பண்ணாது, சாதா மைக்ரோஸ்கோப்லயும் தெரியாது. ஆன்டிபயாட்டிக் இல்லாம வளர்த்தா ஹூட்ல கை சுத்தமில்லன்னா மறுநாளே மீடியா கலங்கி காட்டிக்கொடுத்துடும். மைக்கோபிளாஸ்மாவுக்கு தவறாம பிசிஆர் போடுங்க, வெளிலேந்து வர்ற செல்ல டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி இன்குபேட்டர்ல வைங்க.