கிளவுஸ் ஷுல்ட்சே: எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

கேள்வி:
ஜெர்மன் மின்னணு இசைக் கலைஞர் கிளவுஸ் ஷுல்ட்சேயை முறையாகக் கேட்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பட்டியலைத் திறந்தால் மலைப்பாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு தொகுப்பில் மட்டுமே 50 குறுந்தகடுகள்! முதலிலிருந்தே போவோம் என்று 1972இல் வந்த 'இர்லிக்ட்' ஆல்பத்தைப் போட்டேன். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். ஒரே முழக்கம், தாளமும் இல்லை, மெட்டும் இல்லை. நான் டிரம்ஸ் வாசிப்பவன். தாளம் கொஞ்சம் கிடைத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். வழி சொல்லுங்கள்.

பதில் 1:
'இர்லிக்ட்'டை வைத்து அவரை எடைபோட வேண்டாம். அதில் சிந்தசைசரே (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) கிடையாது. பழைய ஆர்கன் ஒன்று, இசைக்குழு ஒன்றின் ஒத்திகைப் பதிவு. அந்தப் பதிவையும் தலைகீழாக ஓட்டியிருக்கிறார். எனக்கு அது உயிர். ஆனாலும் உள்ளே நுழைய அது வாசல் அல்ல.

டிரம்ஸ் வாசிப்பவர் என்கிறீர்கள். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், 'மூன்டான்' (1976). ஷுல்ட்சேயும் டிரம்ஸிலிருந்து வந்தவர்தான். டாஞ்சரின் டிரீம் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் அவருடையது. 'மூன்டான்' ஆல்பத்தில் அந்த இடத்தை ஹரால்ட் கிராஸ்கோப்ஃபுக்குக் கொடுத்துவிட்டு, 'மூக்' வகைச் சிந்தசைசரோடு உட்கார்ந்துவிட்டார். மொத்தம் இரண்டே இசை, ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்கு மேல்.

முதலாவதான 'ஃப்ளோட்டிங்'கை இப்படிக் கேளுங்கள். சீக்வென்சர், அதாவது சுரவரிசையைத் தானாகவே வாசிக்கவைக்கும் கருவி, சில சுரங்களை ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும், இம்மியும் பிசகாது. அந்த வரிசையைக் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். சுரங்கள் அதேதான், ஆனால் ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் மெல்லத் திறக்கத் திறக்க, போர்வைக்குள்ளிருந்து கேட்டதுபோல் இருந்த ஒலி கூர்மையாகிக்கொண்டே வரும். அந்தப் பிசகாத ஓட்டத்தின்மேல் ஒரு மனிதரின் கை டிரம்ஸை வாசிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வேறு வேலை பார்த்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள். இரண்டு மாதம் நான் அப்படித்தான் பின்னணியில் ஓடவிட்டேன், ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். இத்தனை நாள் எதைத் தவறவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து 'டைம்விண்ட்' (1975). டிரம்ஸ் இல்லை, ஆனால் சீக்வென்சரின் துடிப்பு உண்டு. ஜெர்மன் ஓப்பரா இசையமைப்பாளர் வாக்னரை நினைத்துச் செய்தது. இரண்டாம் இசையின் பெயரில் வரும் 1883 வாக்னர் இறந்த ஆண்டு. அதன்பிறகு 'மிராஜ்' (1977). அதில் 'கிரிஸ்டல் லேக்' தொடங்கும்போது, கண்ணாடி மணிகளைப் போன்ற சிறுசிறு சுரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். அந்த இடத்துக்காகவே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போடுவேன்.

பதில் 2:
'மூன்டான்' சரியான தேர்வு. ஆனால் 'எக்ஸ்' (1978) ஆல்பத்தைச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. தத்துவவாதி நீட்சே, கவிஞர் டிராக்கல், நாவலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் என்று ஆறு பேருக்கு ஆறு இசைச்சித்திரங்கள். எழுத்தாளர் கிளைஸ்ட் பற்றியதில் வரும் செல்லோவை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். இந்த ஆல்பத்திலும் கிராஸ்கோப்ஃபின் டிரம்ஸ் உண்டு.

பதில் 1 எழுதியவர்:
ஒப்புக்கொள்கிறேன், அவர் செய்ததிலேயே உயரமானது அதுதான். ஆனால் அது இரட்டை ஆல்பம், கனமும் அதிகம். புதிதாக வருபவர் கையில் முதல் நாளே அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காது பழகட்டும், அப்புறம் கொடுப்போம்.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு 'ஃப்ளோட்டிங்' கேட்டேன். டிரம்ஸ் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்தவன், அது நுழைந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டேன். சீக்வென்சரையே பின்தொடர்ந்து போய்விட்டிருக்கிறேன். இப்போது மறுபடியும் போட்டிருக்கிறேன்.