டீசல் பிக்கப் மைலேஜ்: வடசென்னை ரோட்டில் நிஜமாகக் கிடைப்பது எவ்வளவு?

தண்டையார்பேட்டை, பொலிரோ பிக்கப்

"உங்க வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருது?" என்று கேட்டால் ஒருத்தர் 9 என்கிறார், இன்னொருத்தர் 15 என்கிறார். ரெண்டும் உண்மையாக இருக்கலாம். எத்தனை கிலோ ஏற்றினார், எந்த ரோட்டில் போனார், எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓட நின்றார் என்ற மூன்றும் இல்லாமல் நம்பரை மட்டும் சொன்னால் யாருக்கும் பயன் கிடையாது. ஊரையும் வண்டியையும் மேலே போட்டு இங்கே எழுதுறவங்க தயவுசெய்து அதையும் சேர்த்து எழுதுங்க.

அளக்கிற முறையும் ஒன்றாக இருக்கணும். ஒரே பங்கில், முடிந்தால் அதே நாசிலில், முதல் கட்-ஆஃப் விழுந்ததும் (நாசில் தானாக நின்றதும்) நிறுத்தி டேங்க் ஃபுல் பண்ணுங்க. அதுக்கு மேல் கழுத்து வரை ஊற்றினால் நுரையே ஒன்றிரண்டு லிட்டர் ஏமாற்றிவிடும். ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்குங்க. அடுத்த முறை அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, மறுபடியும் முதல் கட்-ஆஃப் வரை ஊற்றுங்க. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரு டேங்க் கணக்கை நம்ப வேண்டாம், மூன்று டேங்க் சராசரி எடுங்க. டேஷ்போர்டில் தெரியும் நம்பர் குத்துமதிப்புதான்.

2523 சிசி மஹிந்திரா பொலிரோ பிக்கப், ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் லோடு: ராயபுரம், மின்ட், மூலக்கடை என்று ஊருக்குள் சுற்றினால் 9 முதல் 11. கும்மிடிப்பூண்டி பக்கம் ஜிஎன்டி ரோட்டில் (வடக்கே போகும் நெடுஞ்சாலை) 60-ல் போனால் 12 முதல் 14. இந்த வட்டாரத்தில் ஒழுங்காகப் பராமரிக்கும் வண்டிகள் பெரும்பாலும் இதற்குள்தான் வருது.

மணலி புதுநகர், டாடா இன்ட்ரா வி30

நிற்கிற நேரத்தைப் பற்றிச் சொன்னீங்களே, நம்ம பகுதிக்கு அதுதான் முதல் கணக்கு அண்ணே. எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மாட்டினாலும் சரி, எம்எஃப்எல் (உர ஆலை) சந்திப்பில் நின்றாலும் சரி, ரயில்வே கேட் மூடியிருந்தாலும் சரி, கிலோமீட்டர் ஏறாது, டீசல் மட்டும் இறங்கும்.

சூடான 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். 1.5 லிட்டர் இன்ஜின் 0.4 முதல் 0.6. ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம். இப்போ கணக்குப் போடுங்க. போக வர 60 கி.மீ. ட்ரிப், ஓடும்போது லிட்டருக்கு 12 என்றால் 5 லிட்டர். நடுவில் மூன்று மணி நேரம் இன்ஜின் ஓட நின்றால், மணிக்கு 0.7 வீதம் 2.1 லிட்டர். மொத்தம் 7.1 லிட்டர், கைக்கு வருவது 8.45. வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலேயே 12 தருகிற வண்டி 8.45 ஆகிவிட்டது. இதைத் தெரியாமல், இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லிப் பணத்தைக் கொட்டுகிறவங்க நிறைய.

ஒரு நிமிஷத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் ஆஃப் பண்ணுங்க. சூடான இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ண ஆகும் டீசல் சில விநாடி ஐடிலிங்குக்கு (நின்றபடி இன்ஜின் சும்மா ஓடுவது) சமம், அவ்வளவுதான். ஆனால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நல்ல நிலையில் இருக்கணும். லோடோடு வேகமாக ஓட்டி வந்து நின்றால் டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஆற ஒரு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணுங்க. வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது ஹாஃப் கிளட்சில் பிடித்து நிற்பதும் வேண்டாம். முன்னால் ரெண்டு வண்டி நீளம் இடம் விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு ஐடிலிலேயே நகர விடுங்க.

காசிமேடு, அசோக் லேலண்ட் தோஸ்த், மீன் லோடு

மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் தனிப் பிரச்சினை இருக்கு. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணியும் கடல் காற்றும் சேர்ந்து பின் பிரேக்கைத் தின்றுவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துரு பிடித்து, லீவரை இறக்கினாலும் ஷூ முழுசாகத் திரும்பாது. முன் காலிப்பர் (பிரேக் பேடைப் பிடிக்கும் பாகம்) நகர உதவும் ஸ்லைட் பின் இறுகினால் பேட் எப்பவும் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, "இழுவை கொஞ்சம் கம்மி" என்பார். மைலேஜில் ஒன்றோ ஒன்றரையோ போயிருக்கும்.

சோதிப்பது சுலபம். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுவிலும் தண்ணி தெளியுங்க. ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவி வந்தால் அங்கேதான் பிடிப்பு. அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வைத்திருந்தால் இடது, வலது ஒப்பிடுங்க. தெளிவான வித்தியாசம் இருந்தால் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்க. தினமும் மீன் இறக்கின பிறகு அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிப்பதும், ஸ்லைட் பின்னுக்கு பிரேக்குக்கு உரிய கிரீஸ் போடுவதும் போதும். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப் பின் இன்னும் இறுகும்.

குளிர்சாதன பாடி இருந்தால், கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுகிறதா என்று பாருங்க. அப்படி இருந்தால் நிற்கிற நேரக் கணக்கு மேலே சொன்னதைவிட அதிகம். காலி தெர்மாகோல் பெட்டிகளை மேலே அடுக்கிக் கட்டித் திரும்புவதும் காற்றில் டீசலைக் கரைக்கும்.

சாத்தங்காடு, கம்பி லோடு

லோடு தெரியாமல் மைலேஜ் பேச முடியாது என்பதை ஒத்துக்கிறேன். எடைமேடை கிட்டே இல்லையா, கம்பியை எண்ணுங்க. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ. 120 கம்பி ஏற்றினால் 1,280 கிலோ. 1,300 கிலோ தாங்கும் இன்ட்ரா வி30 அதோடு நிறைந்துவிட்டது. "இன்னும் இருபது கம்பி போடுப்பா" என்று கடையில் சொன்னால் அது இருநூறு கிலோவுக்கு மேல். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ல் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பத்து ட்ரிப்பில் மிச்சம் பிடிக்கும் டீசல் ஒரே நாளில் போய்விடும்.

டயர் காற்று விஷயத்தில் ரெண்டு தப்பு நடக்குது. ஒன்று, முன்னும் பின்னும் ஒரே அளவு அடிப்பது. கதவுச் சட்டத்தில் அல்லது கையேட்டில் லோடுக்கும் காலிக்கும் தனித்தனி அளவு இருக்கும், அதைப் பின்பற்றுங்க. ரெண்டாவது, ஓட்டிச் சூடான டயரில் அளந்து "அதிகமா இருக்கு" என்று காற்றை இறக்குவது. காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதுதான் சரி. காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கி நிமிரும் வேலைக்கே டீசல் போகும்.

இன்னொன்று, டயரே மைலேஜ் நம்பரை மாற்றிக் காட்டும். 215/75 ஆர்15 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 703 எம்எம். அதற்குப் பதில் 235/75 போட்டால் 733, நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பெரிது. ஓடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி நிஜத்தில் 104 ஓடியிருக்கும். மைலேஜ் குறைந்த மாதிரி தெரியும், ஆனால் அதில் பெரும்பகுதி கணக்குப் பிழை. மாறாக, டயர் 7 எம்எம் தேய்ந்தால் விட்டத்தில் 14 எம்எம் போச்சு, மீட்டர் ரெண்டு சதவீதம் கூடக் காட்டும். தேய்ந்த டயரில் நல்ல மைலேஜ், புது டயர் போட்டதும் குறைந்துவிட்டது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிபிஎஸ் வைத்து 20 கி.மீ. ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தைக் கணக்கில் சேர்த்துக்கோங்க.

மாதவரம், இன்ட்ரா

மீஞ்சூரில் ஏறி வண்டலூர் வரை அவுட்டர் ரிங் ரோடு காலியாக இருக்கு என்று 85, 90 அடிக்கிறாங்க. பிக்கப் என்பது காற்றுக்கு முன்னால் ஒரு சுவர். 60-லிருந்து 80-க்கு ஏறினால் காற்றுத் தடையை மட்டும் சமாளிக்க ஒரு கிலோமீட்டருக்கு 1.78 மடங்கு உழைப்பு. 55 முதல் 65-க்குள் டாப் கியரில் போங்க. தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டிப் படபடக்க விடாதீங்க. கேபினை விட உயரமாக லோடு இருந்தால் முன்பக்கம் சரிவாக அடுக்குங்க.

வியாசர்பாடி, மெக்கானிக்

மேலே எழுதினவங்க வண்டிக்கு வெளியே இருக்கும் காரணங்களைச் சொல்லிட்டாங்க. உள்ளே இருப்பதில் நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. "சென்னை வெயிலுக்கு எதுக்கு இது" என்று கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் போகலை. பழைய வண்டியிலேயே அது தப்பு. கம்ப்யூட்டர் கணக்கில் டீசல் பீய்ச்சும் 'காமன் ரெயில்' இன்ஜின் வண்டியில் நேரடி நஷ்டம். இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் வரவே வராது. இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) "இன்னும் குளிராக இருக்கு" என்று நினைத்து டீசலைக் கூட்டித் தள்ளும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் சைலன்சர் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ள கூலன்ட் சூடாகியிருக்க வேண்டும், அந்த நிபந்தனையும் நிறைவேறாது. சோதனை: குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஹோஸில் கை வைங்க, ஃபேன், பெல்ட் பக்கம் விரல் போகாமல். கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருந்து திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் சரி. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் அது இல்லை, அல்லது திறந்தபடி மாட்டியிருக்கு.

டிபிஎஃப் பற்றி இன்னும் சொல்லணும், ஏன்னா நம்ம ஏரியா ஓட்டமே அதுக்கு எதிரி. புகைக்கரி நிறைந்ததும் வண்டி தானாகக் கூடுதல் டீசல் பீய்ச்சி, ஃபில்டரை 550, 600 டிகிரிக்குச் சூடாக்கி எரிக்கும். அப்போ ஐடில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடும், அடியில் சூட்டு வாடை வரும். அந்த நேரம் மட்டும், நின்றாலும் ஆஃப் பண்ணாதீங்க; பண்ணினால் பாதியில் நின்று, அடுத்த ஓட்டத்தில் முதலிலிருந்து தொடங்கும். ரெண்டு கி.மீ., மூன்று கி.மீ. என்று ஓடும் வண்டியில் இது திரும்பத் திரும்ப நடந்தால் டீசலும் போச்சு, எரியாத டீசல் இன்ஜின் ஆயிலிலும் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டினால் உடனே ஆயிலை மாற்றுங்க. வாரத்தில் ஒரு நாளாவது 15, 20 நிமிஷம் 50-க்குக் குறையாமல் ஒரே சீராக ஓட்டுங்க. ஆயிலும் டிபிஎஃப் வண்டிக்கு உரிய, சாம்பல் குறைந்த ரகமாகவே இருக்கணும். கையேட்டில் உள்ள கிரேடு நம்பரைக் கடையில் காட்டி வாங்குங்க.

ஏர் ஃபில்டர்: மணலி, எண்ணூர் தூசிக்குக் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கு போதாது. காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில். கிட்டே வைத்து அடித்தால் பேப்பர் கிழிந்து தூசி நேராக டர்போவுக்குப் போகும்.

ஏறும்போது கரும்புகை, இழுவை கம்மி, விசில் சத்தம் என்றால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைப் பாருங்க. கிளாம்ப் பக்கம் ஆயில் ஈரம் இருந்தால் அங்கே காற்று கசியுது. சில நூறு ரூபாய் கிளாம்ப்பில் முடியும் வேலைக்கு டர்போ மாற்றினவங்க உண்டு.

விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கு ஏற்பப் பிடிக்கும் கப்ளிங் உள்ள ரேடியேட்டர் ஃபேன்) உள்ள வண்டியில் காலை ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் இரைவது சகஜம். ஓடும்போதும் ஆர்பிஎம்மோடு சேர்ந்து விமானம் மாதிரி இரைந்தால் கப்ளிங் இறுகிவிட்டது.

இன்ஜெக்டர் கடைசி. மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்புகளைத் தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓட்டுங்க. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் நிறைந்தால் அதைக் கழற்றுங்க. புதுசு போட்டால் அதன் மேல் அச்சடித்த குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வைத்து இசியூவில் ஏற்றணும். ஏற்றாமல் அனுப்பினால் டீசல் அளவு தப்பி, ஐடில் நடுங்கும், மைலேஜ் திரும்பாது.

திருவொற்றியூர், தோஸ்த்

அண்ணே, ஒரு சந்தேகம். ஃப்ளைஓவர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம்தானே? இன்ட்ராவில் இருக்கும், டீசல் மிச்சம் பிடிக்கும் ஈகோ ஸ்விட்ச் லோடோடு போடலாமா?

வியாசர்பாடி, மெக்கானிக்

நியூட்ரல் வேண்டாம் தம்பி. கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக விட்டால் இசியூ டீசலை அறவே நிறுத்திடும், சக்கரம் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலுக்கு டீசல் போய்க்கிட்டேதான் இருக்கும். இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது, லோடு வண்டிக்கு அது ஆபத்து. ஆஃப் பண்ணி உருட்டவே கூடாது, ரெண்டு மிதிக்கு மேல் பிரேக் பூஸ்டர் உதவாது.

ஈகோ காலி வண்டிக்கும் அரை லோடுக்கும் நல்லது. முழு லோடோடு பாலம் ஏறும்போது இழுக்கத் திணறி கியரை இறக்கி முறுக்கினால் லாபம் போய்விடும், அங்கே ஆஃப் பண்ணிடு. பொதுவாக 1,500-க்கும் 2,000 ஆர்பிஎம்முக்கும் நடுவில் கியர் மாற்று.

தண்டையார்பேட்டை, பொலிரோ பிக்கப்

பங்க் விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்க, அது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டரில் 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. அதைத் தாண்டிக் குறைந்தால் எடையளவுத் துறைக்குப் புகார் போடலாம். தரத்துக்கு அடர்த்தி எழுதியிருக்கும் பலகையைப் பாருங்க, ஹைட்ரோமீட்டரில் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றிய எண் அதிலிருந்து 3 அலகுக்கு மேல் விலகக் கூடாது. மழைக்காலத்தில் டீசல் ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணியை வடியுங்க. தண்ணி விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி எழுதுறவங்க இந்த வரிசையில் எழுதினால் ஒப்பிட வசதி: வண்டி, இன்ஜின், லோடு கிலோ, திரும்பும்போது காலியா, ரோடு, இன்ஜின் ஓட நின்ற நேரம், டயர் அளவு, மூன்று டேங்க் சராசரி.