பத்தொன்பதில் அடங்காத இரண்டு வசனங்கள்

காயல்வாசி:

ஷார்ஜாவில் எங்கள் ரூமில் ஒரு மூத்தவர் இருந்தார். சிவில் இன்ஜினியர், தொழுகை தவறாதவர். ரஷாத் கலீஃபாவின் 19 கணக்கில் அவருக்கு அப்படியொரு பிடிப்பு. கலீஃபா எகிப்தில் பிறந்து அமெரிக்காவின் டூசான் நகரில் குடியேறிய உயிர்வேதியியலாளர். குர்ஆனைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எண்ணி, எல்லாம் 19ஆல் வகுபடுகிறது என்று 1974இல் சொன்னவர். 'அதன் மேல் பத்தொன்பது' என்ற 74:30தான் (74ஆம் அத்தியாயம், 30ஆம் வசனம்) ஆதாரம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தொடக்க வாசகமான பிஸ்மில்லாஹ்வுக்கு அரபியில் 19 எழுத்து. 114 அத்தியாயம் என்றால் 19×6. டீ நேரத்தில் நோட்டை விரித்துக் கூட்டிக் காட்டுவார். சிக்கல் தவ்பா அத்தியாயத்தில் வந்தது. அதில் 129 வசனம். அவர் கையிலிருந்த மொழிபெயர்ப்பு 127உடன் முடிந்துவிட்டது. ஏன் பாய் என்றேன். 'அல்லாஹ்' என்ற சொல் கலீஃபாவின் எண்ணிக்கையில் 2,698 தடவை, அதாவது 19×142. 129ஆம் வசனத்தில் அது இன்னொரு தடவை வருகிறது, சேர்த்தால் வகுபடாது. ஆகவே கடைசி இரண்டு வசனமும் பிற்காலத்தில் யாரோ நுழைத்தவையாம்!

"அப்போ கணக்குதான் தப்புன்னு ஏன் எடுத்துக்கக் கூடாது?"

"கணக்கு அல்லாஹ் போட்டது, தம்பி. அது எப்படித் தப்பாகும்?"

கோபமே இல்லாமல் சொன்னார். எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் இதே பதில்தான். கலீஃபா பிறகு தன்னையே இறைத்தூதர் என்று அறிவித்ததும், 1990 ஜனவரியில் டூசான் பள்ளிவாசலிலேயே கொல்லப்பட்டதும் (அது கொடுமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை) அவருக்குக் கூடுதல் அத்தாட்சியாகவே பட்டது.

நூர், மதுரை:

வேதத்தில் நமக்கு வேண்டியதை மட்டும் பார்ப்பதற்கு எண்ணெல்லாம் எதற்கு, எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையே போதும். அத்தா மவுத்தான (இறந்த) பிறகு பங்கு கேட்ட அக்காவிடம், "பொறுமையாளர்களோடு அல்லாஹ் இருக்கிறான்" என்று 2:153ஐ ஓதினார் பெரிய அண்ணன். 4:11இல் 'ஆணுக்கு இரண்டு பெண்களின் பங்கு' என்ற இடம் அவருக்கு அரபியிலேயே மனப்பாடம். அதே வரி பெண்ணுக்கும் பங்கு வைத்திருப்பது மட்டும் கண்ணில் படவில்லை. 4:7 இன்னும் பச்சையாகச் சொல்கிறது: சொத்து கொஞ்சமோ நிறையவோ, பெண்களுக்கும் பாகம் உண்டு. அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னாலேயே வைத்தாள். "இதை ஹஜ்ரத்துகிட்ட (மார்க்க அறிஞர்) கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் அண்ணன். 2:153க்கு எந்த ஹஜ்ரத்தைக் கேட்டாரோ!

மதரஸாக்காரன்:

காயல்வாசி பாய், அடுத்த வசனத்தை அவர் என்ன செய்தார்? நரகத்தின் காவலர்கள் மலக்குகள் (வானவர்கள்), அவர்களின் அந்த எண்ணிக்கை நிராகரிப்போருக்கு ஒரு சோதனை என்று 74:31 சொல்லிவிடுகிறதே.

சொந்த அபிப்பிராயத்தில் குர்ஆனுக்கு விளக்கம் சொல்வதை எச்சரிக்கும் ஹதீஸ் (நபிமொழி) பற்றி இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தன் இஹ்யா நூலில் எழுதியிருக்கிறார். ஒருவனுக்கு முதலிலேயே ஒரு பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் வசனத்தில் அந்த அர்த்தமே அவனுக்குத் தோன்றியிருக்காது என்கிறார். தெரிந்தே எதிராளியை மடக்க வளைப்பவனும் உண்டு, தெரியாமலே வளைப்பவனும் உண்டு. உளவியலாளர் பீட்டர் வேசன் இந்தச் சாய்வை லண்டனில் எண்களை வைத்துச் சோதித்தது 1960இல்.

அதற்காக ஆலிம்களிடம் (மார்க்கம் கற்றவர்கள்) விட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். மறுமையில் முகங்கள் தம் இறைவனை நோக்கியிருக்கும் என்கிறது 75:22-23. இறைவனைக் காணவே முடியாது என்ற முஃதஸிலா கொள்கைக்காரரான விரிவுரையாளர் ஸமக்ஷரீ அதை 'எதிர்பார்த்திருக்கும்' என்று கொண்டுபோகிறார். எதிர்த் தரப்பான அஷ்அரி கொள்கைக்காரர் ராஸீ காண்பதையே நிலைநாட்டுகிறார். இருவரும் அரபியைக் கரைத்துக் குடித்தவர்கள்தான். எனக்கு ஒரு வசனம் ரொம்பப் பிடித்துப்போனால், எனக்கு ஆகாத தரப்பின் தஃப்ஸீரைத்தான் (விரிவுரை) முதலில் எடுப்பேன். பாதி நாள் எரிச்சல்தான் வரும்.