வகுப்பு உயில் எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு வரிகூட வரவில்லை

மைக்கறை:

நாங்கள் பள்ளியை விட்டுக் கிளம்ப இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. பிரிவு மலரின் கடைசி எட்டுப் பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. "உனக்குத்தான் வாய் நீளம், நீயே எழுது" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. (வேறு எந்த விஷயத்திலும் இவர்கள் இப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.) எழுத வேண்டியது இரண்டு பகுதி. முதலாவது வகுப்பு உயில், அதாவது யார் எதை யாருக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது. அடுத்தது "இருபது வருடம் கழித்து".

மொத்தம் 38 பேர். 32 பேருக்கு உயில் எழுதிவிட்டேன். மாதிரிக்குச் சில:

ஒருவன், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அடுத்த வருடம் அதே ஜன்னலோரத்தில் உட்காரப் போகிறவனுக்கு எழுதி வைக்கிறான். விடை தெரியாதபோதெல்லாம் எழுந்து நின்று "சார், கேள்வியே தப்பு" என்று சொல்லும் துணிச்சலை இன்னொருத்தி தன் தங்கைக்கு விட்டுப் போகிறாள். என் காம்பஸை மூன்று வருடமாகத் திருப்பித் தராத ஒருத்தி இருக்கிறாள். அதை இனி யாரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தனக்கே எழுதிக்கொள்கிறாள்.

சிக்கல் என்னவென்றால், மீதி ஆறு பேரும் அமைதியானவர்கள். அதில் ஒருவனோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவன் பென்சில் சீவுவான் என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அப்புறம், பேசும்போது திக்கும் ஒருவன் இருக்கிறான். அதை வைத்தே அவனுக்கு ஒரு பட்டப்பெயர். அதை விட்டுவிட்டால் மலரே சப்பென்று இருக்கும் என்கிறார்கள், அவனும் சிரிக்கத்தான் செய்கிறான். எனக்குத்தான் கை வரவில்லை.

எதிர்காலப் பகுதி இன்னும் மோசம். ஒன்று கோடீஸ்வரன் ஆகிறார்கள், இல்லாவிட்டால் விண்வெளிக்குப் போகிறார்கள். எனக்கே படிக்கப் போரடிக்கிறது. அனுபவப்பட்ட அண்ணன், அக்காக்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

சாசனம்:

பாப்பா, எனக்குப் பத்திரம் எழுதுவதுதான் பிழைப்பு. நான் எழுதியதைப் படித்து இதுவரை யாரும் சிரித்ததில்லை, அழுதவர்கள் உண்டு. இருந்தாலும் இது என் துறை என்பதால் சொல்கிறேன். உன் கிண்டல் நன்றாக இருக்கிறது. ஆனால் அது உயில் மாதிரி இல்லை. உயிலில் சிரிப்பு வருவதே அந்த முறைப்பான பாஷையில்தான். சின்ன விஷயத்தைப் பெரிய சொத்து மாதிரி எழுத வேண்டும். இப்படி ஆரம்பித்துப் பார்:

"எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, கணக்கு வகுப்பு நீங்கலாக மற்ற நேரங்களில் நல்ல நினைவோடு இருக்கும் நாங்கள் 38 பேரும் மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்..."

சொத்துக்கு நான்கெல்லை போடு. "ஜன்னலுக்குக் கிழக்கு, உடைந்த மின்விசிறிக்கு மேற்கு, ஆசிரியர் பார்வைக்குத் தெற்கு, குப்பைக்கூடைக்கு வடக்கு, இதற்குள்பட்ட பெஞ்ச் ஒன்று. மேற்படி பெஞ்சில் காம்பஸ் முனையால் செதுக்கியுள்ள பெயர்கள் வில்லங்கமாகக் கொள்ளப்பட மாட்டா. மேற்படி பெஞ்சைச் சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

கடைசி மணி அடித்த பிறகே இந்த உயில் அமலுக்கு வரும் என்று ஒரு வரி சேர்த்துவிடு. இரண்டு சாட்சி கட்டாயம் வேண்டும். உயிலில் சொத்து பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது முறை, அதனால் அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் வாங்காதே. வகுப்பாசிரியர் ஒருவர், மணி அடிப்பவர் ஒருவர், அது போதும்.

பழைய மானிட்டர்:

இருபத்து மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வகுப்புக்கு இந்தப் பக்கங்களை எழுதியவன் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள் தங்கச்சி.

எங்களிடமும் பேசாத பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நான் எழுதியது: "எதிர்காலத்தில் நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையாக வேலை பார்ப்பாள்." அந்த வரியில் எனக்கு அவ்வளவு பெருமை. அச்சாகி வருவதற்குள் பத்துப் பேரிடமாவது படித்துக் காட்டியிருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் எல்லோரும் ஒன்றுகூடினோம். யாரோ அந்த மலரைக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாகப் படித்தார்கள். அவள் பக்கம் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "நான் பேசிட்டுத்தான் இருந்தேன். உன்கிட்டதான் பேசல."

அப்புறம்தான் தெரிந்தது. நான் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு பேருக்கும் நடுவில் தொண்டையைச் செருமுவேனாம். அவள் இருந்த வரிசையில் தினமும் அதை அப்படியே செய்து காட்டியிருக்கிறாள். அங்கேயே, முப்பத்தெட்டு வயதில், கையை நோட்டுப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு செய்தாள். இடது புருவத்தைத் தூக்கினாள் பாருங்கள், அது நான்தான்! வகுப்பிலேயே பெரிய நகைச்சுவைக்காரியை நான் பலகையாக்கி அச்சடித்திருக்கிறேன்.

அதனால் அந்த ஆறு பேரைப் பற்றி உனக்கு எதுவும் தெரியவில்லை என்றால், அவர்களிடம் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேள். எந்த அமைதியான ஆளுக்கும் அவன் வாயாடும் இடம் ஒன்று இருக்கும். மதிய இடைவேளையில் யாரோடு போகிறான், யாருடைய நோட்டில் கிறுக்குகிறான் என்று பார். தகவல் கிடைக்கிறவரை எழுதாதே. "அமைதியே உருவானவர்" என்று மட்டும் போட்டுவிடாதே, அதற்குப் பக்கத்தைக் காலியாகவே விடலாம்.

பட்டப்பெயர் விஷயத்தில் உன் கை சொல்வதைக் கேள். அவன் சிரிக்கிறான் என்றால், 37 பேர் சிரிக்கும் இடத்தில் அவனால் வேறு என்ன செய்ய முடியும்? அவனைத் தனியாகப் பிடித்து "நீ எதை விட்டுட்டுப் போற?" என்று கேட்டுப் பார். மற்றவர்கள் எதிரில் கேட்காதே.

எதிர்காலப் பகுதிக்கு நாங்கள் செய்தது இன்றும் பிடித்திருக்கிறது. யார் என்ன வேலைக்குப் போவார்கள் என்று எழுதாமல், இருபது வருடம் கழித்து அட்டென்டன்ஸ் எடுப்பதாக எழுதினோம். ஒருவன் "வந்துகிட்டே இருக்கேன்" என்று குளியலறையிலிருந்து போனில் சொல்கிறான். ஒருத்தி வாசலிலேயே நின்று யார் யார் லேட் என்று பட்டியல் போடுகிறாள். ஒன்றுகூடலில் அந்த இரண்டுமே நடந்தது. போன் செய்தவன் குளித்துக்கொண்டிருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அரைகுறை ஆராய்ச்சி:

மானிட்டர் அண்ணன் சொல்வதற்கு ஆதாரமாக ஒன்று. 2013இல் 'சயின்ஸ்' இதழில் குவாய்ட்பாக், கில்பர்ட், வில்சன் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். கடந்த பத்து வருடத்தில் நிறைய மாறிவிட்டேன் என்று எல்லா வயதுக்காரர்களும் சொல்கிறார்கள். அடுத்த பத்து வருடத்தில் அவ்வளவு மாற மாட்டேன் என்றும் அவர்களே சொல்கிறார்கள். உங்கள் கோடீஸ்வரப் பக்கங்கள் போரடிப்பதற்கும் இதுதான் காரணம் என்பேன். இன்றைய ஆளை அப்படியே தூக்கிப் பெரிய வீட்டில் குடிவைத்து, அதற்கு எதிர்காலம் என்று பெயர் வைக்கிறோம்.

நீங்கள் எழுதும் இரண்டு வடிவமுமே அமெரிக்கப் பள்ளி ஆண்டு மலர்களில் நூறு வருடத்துக்கு மேலாக இருப்பவை. கிளாஸ் வில், கிளாஸ் பிராஃபெசி என்பார்கள். கூடவே "வெற்றி பெற அதிக வாய்ப்புள்ளவர்" மாதிரி வகுப்புக்குள் ஓட்டெடுப்பும் உண்டு. நடிகர் ராபின் வில்லியம்ஸ் 1969இல் பள்ளியை முடித்தபோது "மிகவும் வேடிக்கையானவர்", "வெற்றி பெற வாய்ப்பே இல்லாதவர்" என்று அவருக்கு இரண்டு பட்டம் கொடுத்தார்கள். 1998இல் அவர் கையில் ஆஸ்கர். முதல் பட்டம் அவர்கள் தினமும் கண்ணால் பார்த்தது, இரண்டாவது வெறும் யூகம். எது பலித்தது என்று பாருங்கள்.

நார்வேயில் பள்ளி முடிக்கிறவர்கள் விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டை அடித்து வைத்துக்கொள்வார்கள், பெயர் ருஸ்ஸெகோர்ட். தன் படம், பெயர், ஒரு கிண்டல் வரி. தெருவில் சின்னப் பிள்ளைகள் துரத்தித் துரத்தி வாங்கிச் சேர்ப்பார்கள். அந்த வரியை அவரவரே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நீங்களும் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துப் பார்க்கலாமே?

இன்னொன்று. ஹார்க்கர், கெல்ட்னர் என்ற இருவர் மில்ஸ் கல்லூரியின் 1958, 1960 ஆண்டு மலர்ப் படங்களை எடுத்து, அதிலிருந்த பெண்களின் வாழ்க்கையை 52 வயதுவரை ஒப்பிட்டார்கள். படத்தில் கண்ணும் சேர்ந்து சிரித்தவர்கள் பிற்காலத்தில் திருப்தியாக இருந்ததாக 2001இல் எழுதினார்கள்.

ஓரப்பார்வை:

ஆராய்ச்சி சார், அந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டாம். இனி படம் எடுக்கும்போது 38 பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். எடுத்தது ஒரே ஒரு கல்லூரி, அதிலும் பெண்கள் மட்டும், பார்த்தது சராசரி. நான் என் பள்ளிப் படத்தில் உர்ரென்று இருப்பேன், ஏனென்றால் புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் என் வாழ்க்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

துண்டுச் சீட்டு யோசனை மட்டும் நல்லது. ஆனால் பாதிப் பேர் தத்துவம் எழுதித் தருவார்கள். "விடைபெறுகிறேன், விழிநீரோடு" என்று வந்தால் இரக்கமே பார்க்காமல் திருப்பி அனுப்பு.

மைக்கறை:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து வந்து சொல்கிறேன்.

துண்டுச் சீட்டில் பதினான்கு "விழிநீர்" வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

பென்சில் சீவுகிறவனின் பக்கத்து இருக்கைக்காரனைக் கேட்டேன். அவன் எதுவும் சொல்லாமல் அந்தப் பையனின் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு வகுப்பில் எந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்கிறார் என்று நான்கு கோடு போட்டு ஐந்தாவது கோட்டைக் குறுக்கே அடித்துக் கணக்கு வைத்திருக்கிறான். தேதி போட்டு, இரண்டு வருடமாக! ஒரு நாளில் "புரியுதா" 61 தடவை. "அடுத்தது" 44. சார் விடுப்பில் இருந்த நாளுக்கு "கணக்கு இல்லை" என்று நேர்மையாக எழுதியிருக்கிறான். பென்சிலை ஏன் சீவிக்கொண்டே இருந்தான் என்பது இப்போது புரிகிறது. அவனிடமே கேட்டேன். "மேற்படி பதிவேட்டை அடுத்த வகுப்பு தொடர்ந்து பராமரிக்க வேண்டியது" என்று போடச் சொன்னான். சாசனம் ஐயாவின் பாஷை அவனுக்கு அப்படியே வருகிறது. முன்னுரை முழுவதையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். 61ஐப் படித்துவிட்டு வகுப்பாசிரியர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "இதுல புரியாதது என்ன இருக்கு" என்று சாட்சிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

மீதி ஐந்து பேரில் நான்கு பேருக்கு வரி கிடைத்துவிட்டது. ஒருத்தி தன்னைப் பற்றி எதுவுமே வேண்டாம் என்றாள். சரி என்று பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பட்டப்பெயர் பையனைத் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் தனியாகப் பிடித்தேன். நீ எதை விட்டுட்டுப் போற என்றதும் வெகுநேரம் யோசித்தான். "அந்தப் பேரை மட்டும் யா... யாருக்கும் எழுதி வைக்காத. என்னோட முடியட்டும்" என்றான். அதற்குப் பதிலாக, வாய்மொழித் தேர்வில் நேரம் தீர்கிறவரை ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும் உரிமையை எழுதி வைக்கச் சொன்னான். இந்த ஜோக்கை அவனே அடித்தது என்பதால் அப்படியே போட்டிருக்கிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. பட்டப்பெயர் எங்கேயும் வராது. இரண்டு பேர் முறைத்தார்கள், பரவாயில்லை.

"இருபது வருடம் கழித்து" பகுதி இப்போது அட்டென்டன்ஸ்தான். மானிட்டர் அண்ணன், உங்கள் தொண்டைச் செருமலையும் அனுமதி கேட்காமல் எங்கள் மானிட்டருக்கு எடுத்துக்கொண்டேன். கேட்டால் அவனும் செருமுவதே இல்லை என்கிறான்.

ஒரே ஒரு தொல்லை. என் காம்பஸ் வரியை எப்படியோ முன்னாலேயே படித்துவிட்டாள் போல. நேற்று மாலை காம்பஸை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது அந்த வரியை மாற்ற வேண்டும். முள்ளைக் காணோம்.