ஜிஎஸ்டி விகிதம் மாறிய பிறகு சோப்பு விற்பனை இரு மடங்காகக் காட்டுகிறது: டைமென்ஷன் டேபிளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். நுகர்பொருள் மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில், ரிப்போர்ட்டுகளுக்காகத் தரவைத் திரட்டி வைக்கும் டேட்டா வேர்ஹவுஸைக் கவனித்து வருகிறேன். பில்லில் உள்ள ஒவ்வொரு பொருள் பதிவும், விற்பனைகளைப் பதியும் ஃபேக்ட் டேபிளில் ஒரு வரிசையாகும். ஜிஎஸ்டி விகிதம், பொருள்களின் விவரங்களை வைத்திருக்கும் டைமென்ஷன் டேபிளில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய மதிப்பின் மேலேயே எழுதினால் ஆகஸ்ட் மாதக் கணக்கும் 5 சதவீதத்துக்கு மாறிவிடும் என்பதால், பழைய வரிசையை அப்படியே வைத்துப் புதியதைச் சேர்க்கும் டைப் 2 முறைப்படி தொடக்கத் தேதி, முடிவுத் தேதியுடன் புதிய வரிசைகளைச் சேர்த்தோம். அதன்பின் இப்பொருள்களின் விற்பனை மட்டும், பழைய மாதங்கள் உட்பட, இரு மடங்காக வருகிறது. ஒரே மாதிரியான வரிசைகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்டை வினவலில் சேர்த்தாலோ கணக்குப் பிரிவின் தொகையைவிடக் குறைகிறது.

பதில் 1:
வணக்கம். நீங்கள் இன்னமும் பொருள் கோடை வைத்தே இரண்டு டேபிள்களையும் ஜாயின் செய்கிறீர்கள் (இணைக்கிறீர்கள்) என்று நினைக்கிறேன். ஒரே கோடுக்கு இப்போது இரண்டு வரிசைகள் இருப்பதால், ரூ.1,000 விற்பனை இரண்டு முறை வந்து ரூ.2,000 ஆகிறது. டைமென்ஷனின் ஒவ்வொரு வரிசைக்கும் தனி சரோகேட் கீ (பொருள் கோடு அல்லாத, அந்த வரிசைக்கே உரிய எண்) கொடுத்து, பில் தேதியில் எந்த வரிசை செல்லுபடியாகிறதோ அதன் கீயை லோடு செய்யும்போதே ஃபேக்ட் டேபிளில் பதித்துவிடுங்கள்; ரிப்போர்ட்டில் அந்தக் கீயை மட்டும் கொண்டு இணையுங்கள். டிஸ்டிங்க்டை உடனே நீக்கிவிடுங்கள். ஒரே பில்லில் ஒரே பொருள் ஒரே அளவில் இரண்டு பதிவுகளாக விற்கப்பட்டிருந்தால் அது உண்மையான விற்பனையையும் விழுங்கிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய வரிசைகளுக்கும் கீயைப் பதித்து மீண்டும் லோடு செய்தேன்; எல்லா மாதங்களும் சரியாகிவிட்டன. ஆனால் செப்டம்பர் 22 என்ற ஒரே நாளின் விற்பனை மட்டும் இன்னும் இரட்டிப்பாகவே உள்ளது.

பதில் 1:
பழைய வரிசையின் முடிவுத் தேதியும் புதிய வரிசையின் தொடக்கத் தேதியும் 22 ஆகவே இருக்கும். கீயைத் தேடும் இடத்தில் பிட்வீன் எழுதியிருந்தால் அது இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். அந்த நாளின் பில்களுக்கு இரண்டு கீகள் கிடைத்து, ஃபேக்ட் டேபிளிலேயே வரிசைகள் பெருகியிருக்கும். 'தொடக்கத் தேதிக்குச் சமம் அல்லது பிந்தையது, முடிவுத் தேதிக்கு முந்தையது' என்று நிபந்தனையை மாற்றி, அந்த நாளை மட்டும் அழித்து மீண்டும் லோடு செய்யுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னவை சரிதான். ஆனால் வரித் தொகையை டைமென்ஷனிலிருந்து கணக்கிடுவதே எனக்கு உடன்பாடில்லை. ஆகஸ்டில் 18 சதவீத வரியுடன் விற்ற சோப்பை கடைக்காரர் அக்டோபரில் திருப்பி அனுப்பினால், கிரெடிட் நோட் மூலப் பில்லின் விகிதத்திலேயே, அதாவது ரூ.1,000 மதிப்புக்கு ரூ.180 வரியுடன், போடப்படும். கிரெடிட் நோட்டின் தேதியை வைத்துத் தேடும் உங்கள் அமைப்போ ரூ.50 என்று காட்டும். ஆகவே, பில்லிலும் கிரெடிட் நோட்டிலும் அச்சான விகிதத்தையும் வரித் தொகையையும் ஃபேக்ட் டேபிளிலேயே ஒவ்வொரு பதிவுக்கும் சேமியுங்கள். டைமென்ஷனில் உள்ள விகிதம் பொருள்களை வகைப்படுத்திப் பார்க்க மட்டும் இருக்கட்டும்.